நாயும் ஒவ்வா உணவும்

ஏற்காட்டுக் கோடை விழாவுக்கு மலரைக் காணச் செல்வோர் மிகப் பலர். அவ்விழாவின் ஓர் உறுப்பாக நாய்க்காட்சி ஒன்றும் நடத்தப்பெறுவதுண்டு என்பதை நம் கல்லூரியில் அறிந்தோர் சிலரே. இராசபாளையம், சிப்பிப்பாறை முதலிய நம் நாட்டு இனங்களும், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய பிறநாட்டு இனங்களும் அங்கே கயிற்றில் பிடித்து நடத்திக் காட்டப்படும். நடுவர் நடையை நோக்குவர், பல்லை நோக்குவர், மயிரின் மினுமினுப்பைத் தடவிப் பார்ப்பர். பரிசு பெற்ற நாயைச் சூழ்ந்து நின்று படம் பிடிப்பாரும் உளர். யான் இங்கு எழுதப் புகுந்தது அந்நாய்களைப் பற்றியன்று. காட்சிக்குக் கொண்டுவரப்படாமல், வீட்டுத் திண்ணையோரம் படுத்து, இரவெல்லாம் காதைச் சொறிந்தும் பாதத்தை நக்கியும் உறங்காதிருக்கும் நாய்களைப் பற்றியே சில கூற விரும்புகின்றேன்.

தொல்காப்பியம் பயிலும் மாணவனுக்கு நாய்ச்சோற்றோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தனர். உறவு சொல்லளவிலேயே தொடங்குகின்றது என்பேன். வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே என்பார் 1906-ஆம் ஆண்டில் 'அலர்ஜி' என்னும் சொல்லைப் படைத்தார். அதற்கு நாம் வழங்கும் 'ஒவ்வாமை' என்னும் சொல் மிகப் பொருத்தமானது; ஒவ்வுதலாவது பொருந்துதல்; பொருந்தாமையே ஒவ்வாமை. ஆயின் ஊரார் வழங்கும் சொல் வேறு. 'சூடு' என்பர், 'சொறி பிடித்துவிட்டது' என்பர். யானையின் நட்பினும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று பாடிய நாலடியார் பிறந்த மொழியிலேயே 'சொறிநாய்' என்பது வசையாகவும் வழங்குகின்றது. அரிப்பினால் மயிர் உதிர்ந்த நாயைக் கண்டவுடன் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்கின்றோம். உண்ணியால் வரும் சொறியிற் சில வகை மனிதரையும் தொற்றும் என்பது மெய்யே; ஆயின் ஒவ்வாமை எவரையும் தொற்றாது. இவ்வேறுபாட்டை அறியாத வீடுகளில் நோயுற்ற நாய் முதலில் கூடத்தினின்று வாயிலுக்கும், பின்னர் வாயிலினின்று தெருவுக்கும் தள்ளப்படுகின்றது. ஆதலின் அதற்கு ஒத்த உணவு எது எனக் காண்பது விளையாட்டான ஆராய்ச்சி ஆகாது.

ஒவ்வாமை எங்ஙனம் உண்டாகின்றது? உடலைக் காத்தற்கு அமைந்த ஆற்றல், பகையல்லாத ஒன்றைப் பகையெனக் கொண்டு போர் தொடுப்பதால் உண்டாகின்றது. உணவைப் பொறுத்தவரை அங்ஙனம் பகையெனக் கொள்ளப்படுவது பெரும்பாலும் புரதமே. உடல் முன்னர்க் கண்டறியாத புரதத்தை அது பகைக்கக் கற்றிராது. பலகால் உண்டு பழகிய பொருளே பின்னாளில் ஒவ்வாததாக மாறும். "மூன்று ஆண்டாக இதைத்தானே தின்கிறது, இதனால் எப்படி வரும்?" என வினவுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மூன்று ஆண்டாக அதனையே தின்று வருவதுதான் ஐயத்துக்குக் காரணம்.

உணவு ஒவ்வாமை உறுதிப்பட்ட 297 நாய்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து மேனாட்டு ஆராய்ச்சியாளர் மூவர் 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 34 நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17-க்குப் பாற்பொருளும், 15-க்குக் கோழியும், 13-க்குக் கோதுமையும் ஒவ்வாதனவாயிருந்தன. அரிசி, மீன், பன்றியிறைச்சி ஆகியன மிகச் சிலவற்றுக்கே தீங்கு செய்தன. இக்கணக்கை அப்படியே மலைமேல் ஏற்றிவிடல் ஆகாது. எந்நாட்டு நாய் எதனை மிகுதியாக உண்ணுமோ அதுவே அந்நாட்டுக் கணக்கில் மேலே நிற்கும். ஏற்காட்டு வீடுகளில் நாய் உண்பது யாது? காலையில் பாற்சோறு, உச்சியில் கோழிக்கடையிலிருந்து வாங்கிய கழுத்தும் தோலும் இட்ட சோறு, இரவில் எஞ்சிய தயிர்ச்சோறு. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் அண்மையில் இருத்தலால் இடையிடையே முட்டையும் உண்டு. தேநீர்க் கடையோரம் பொறையும் பிஸ்கட்டும். அவை கோதுமையும் பாலும் கலந்தவை. ஆகவே அக்கணக்கில் மேலே நின்றவற்றுள் மூன்று, ஒரே நாளில் ஒரே வயிற்றுக்குள் செல்கின்றன.

'சூடு' என்னும் சொல் செய்யும் தீங்கும் இங்கேதான் விளங்கும். நாய் சொறியத் தொடங்கியவுடன், கோழி சூடு எனக் கூறி அதனை நிறுத்துவர். தயிர் குளிர்ச்சி எனக் கூறி இருவேளைத் தயிர்ச்சோற்றை மூவேளையாக்குவர். அந்நாய்க்கு ஒவ்வாதது பாலின் புரதமாயின், நோயைக் கொடுத்த பொருளையே மருந்தெனப் பெருக்கியவராவர். நம் பாட்டிமாரின் உணவறிவை யான் இகழவில்லை. மனிதருக்கு அதனாற் பல நன்மை உண்டு. ஆயின் ஒவ்வாமை சூடு குளிர்ச்சி பார்த்து வருவதில்லை.

அரிப்பெல்லாம் உணவால் வருவதென்று எண்ணுதலும் பிழை. தெள்ளுப் பூச்சி, உண்ணி, சொறிப்பூச்சி, மழைக்காலத்து ஈரத்தில் வளரும் காளான் ஆகியவற்றை முதலில் விலக்கல் வேண்டும். மூடுபனி உலவும் மலையில் நாயின் காதும் விரலிடுக்கும் காய்வது அரிது. ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் அரித்து மற்றைப் பருவத்தில் அடங்குமாயின் காற்றில் வரும் மகரந்தம் போன்றவற்றை ஐயுறலாம். பன்னிரு திங்களும் மாறாது அரித்து, காதில் மீண்டும் மீண்டும் சீழ் கண்டு, மலமும் இளகிப் போகுமாயின் உணவை ஐயுறலாம். இவ்வாறு பிரித்தறிதல் கால்நடை மருத்துவர் தொழில். ஐயம் தீராவிடின் மலையிறங்கிச் சேலத்துக்கும், அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கடந்து, 1985-இல் தொடங்கப்பெற்ற நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் செல்லலாம். மருந்துக்கடையில் ஸ்டிராய்டு மாத்திரை வாங்கித் தாமே கொடுப்போர் செயல் கொடிது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், காரணம் அடங்காது, நாய் நீரை மிகக் குடித்து, பசி பெருகி, ஊதி, நாளடைவில் வேறு நோய்க்கும் ஆளாகும்.

இரத்தத்தைச் சோதித்து ஒவ்வா உணவை அறியலாகாதோ எனின், நாய்களின் உணவு ஒவ்வாமையில் இரத்தச் சோதனையும் உமிழ்நீர்ச் சோதனையும் நம்பத்தக்கன அல்ல. நம்பத்தக்க வழி ஒன்றே. அந்நாய் வாழ்நாளில் உண்டறியாத புரதம் ஒன்றையும், மாப்பொருள் ஒன்றையும் மட்டும் தெரிந்துகொண்டு, எட்டு வாரம் அவ்விரண்டன்றி வேறெதுவும் கொடாதிருத்தல் வேண்டும். ஐந்து வாரத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட நாய்களும், எட்டு வாரத்தில் தொண்ணூறுக்கு மேற்பட்டனவும் குணம் காட்டும் என 2015-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது. பத்து நாளில் பயன் காணாது கைவிடுவோர் இக்கணக்கை நோக்குக.

சேர்வராயன் மலையில் இதற்கு வேண்டிய பொருளுக்குக் குறைவில்லை. மலையாளிப் பழங்குடியினர் பயிரிடும் சாமை உண்டு. சேலம் மாவட்டம் மரவள்ளிக்கும் சவ்வரிசிக்கும் பெயர்போனது. மரவள்ளியை மட்டும் தோல் நீக்கி நன்றாக வேகவைத்து நீரை வடித்தே இடல் வேண்டும். பச்சையில் அது நஞ்சுடையது. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தினின்று மீன் வருகின்றது. மீன் தின்றறியாத நாய்க்கு அதனை முள் நீக்கி, உப்பும் மசாலையும் இன்றி அவித்து இடலாம். கருவாட்டுத் தலை தின்றே வளர்ந்த நாய்க்கு மீன் புதிதாகாது. அதற்கு நன்றாக வெந்த வெண்பன்றி இறைச்சி உதவும். கோழிக்குப் பதில் காடை என்று மாற்றுவோர் பலர். இரண்டும் பறவையினமாதலின் ஒன்றை வெறுத்த உடல் மற்றொன்றையும் வெறுத்தல் கூடும்; மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் அத்தகையனவே. குட்டிகளுக்கு இம்முறையை மருத்துவரின்றித் தொடங்கலாகாது. வளர்ந்த நாய்க்கும் எட்டு வாரத்துக்குப் பின் சுண்ணச்சத்து முதலியன சேர்த்தே அவ்வுணவைத் தொடரலாம்.

கடையில் விற்கும் பைகளைப் பற்றியும் ஒரு சொல். 'ஆட்டிறைச்சியும் அரிசியும்' என்று முகத்தில் எழுதிய பையின் முதுகில் கோழித்தூள் என்று சிற்றெழுத்தில் இருப்பதுண்டு. முதுகிலும் எழுதப்படாத புரதங்கள் அத்தகைய சில உணவுகளிற் கலந்திருந்தமையை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். தானியமில்லா உணவு என்று விளம்பரம் செய்வோர் தானியமே பெரும்பகை என்று நினைக்கச் செய்கின்றனர். மேலே கண்ட கணக்கில் முன்னிற்பன விலங்குப் புரதங்களே. மருத்துவர் எழுதித் தரும் ஒருவகை உணவில் புரதத்தை உடல் அடையாளம் காணாத அளவுக்குச் சிறு துண்டாக்கி வைத்திருப்பர். அது நல்லதே, விலைதான் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு எட்டாது.

கணக்கப்பிள்ளை என்றது நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் என் தாய்மாமனை நினைந்தே. அவர் வீட்டு லாப்ரடார் நாய்க்கு மருத்துவர் மீனும் சாமையும் என விதித்தார். முதல் மூன்று வாரம் பயன் சிறிதும் இல்லை. மாமா மருத்துவரை ஐயுற்றார். அத்தை மீனை ஐயுற்றார். பின்னர் விசாரித்ததில், பாட்டியார் நாள்தோறும் தம் தட்டின் ஓரத்தில் ஒரு பிடி தயிர்ச்சோற்றைக் கரைத்து வைத்து வந்தமை வெளியாயிற்று. "வாயில்லாச் சீவன் பார்த்துக்கொண்டே நிற்கும்போது நான் மட்டும் எப்படி உண்பேன் அப்பா? ஒரு பிடியில் என்ன வந்துவிடும்?" என்பது அவர் மறுமொழி. வீட்டு வேலைக்கு வருபவர் பிஸ்கட்டு இட்டார். பக்கத்து வீட்டுச் சிறுவன் முட்டை இட்டான். பூச்சி மருந்தாகத் தந்த மாத்திரையிலும் இறைச்சிச் சுவை சேர்ந்திருந்தது. எவர் உள்ளத்திலும் தீமை இல்லை. மேசைக்குக் கீழே விழும் துணிக்கை நாயின் பங்கு என்பது பழைய வழக்கம். அன்பை உணவாகவே காட்டிப் பழகியவர் நாம். ஒரு பிடி போதும், எட்டு வாரத்தையும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாகும். என் கருத்தில், ஒத்த உணவைக் காண்பதற்குத் தடையாவது பொருள் இன்மையோ அறிவு இன்மையோ அன்று. வீட்டிலுள்ள பல கைகள் ஒரு கையாகாமையே.

அவ்வீட்டில் இரண்டாம் முறை நாய்க்கு உணவிடும் பொறுப்பு முழுவதும் பாட்டியாரிடமே கொடுக்கப்பட்டது. அத்தையின் இச்சூழ்ச்சியை யான் மிக வியக்கின்றேன். எட்டாம் வாரத்தில் காது காய்ந்து, வயிற்றில் மயிர் முளைத்தது. அப்பொழுது மருத்துவர் பழைய உணவையே மீண்டும் இடச் சொன்னார். நலம் பெற்ற நாய்க்கு நோயை வரவழைப்பதா என்று எல்லோரும் மறுத்தனர். இவ்விடத்திலேயே பல வீடுகளில் ஆராய்ச்சி அரைகுறையாய் நின்றுவிடுகின்றது. பழைய உணவால் அரிப்பு மீண்டால் அன்றோ உணவே காரணம் என்பது உறுதியாகும்? நான்காம் நாள் மீண்டது. மறுபடி மீனும் சாமையும் இட்டு அடக்கி, பின் ஒவ்வொரு பொருளாக இரண்டிரண்டு வாரம் சேர்த்துப் பார்த்தனர். கோழியால் ஒன்றும் நேரவில்லை. முட்டையால் ஒன்றும் நேரவில்லை. தயிர் சேர்த்த மூன்றாம் நாள் காதைச் சொறிந்தது. இரண்டு ஆண்டாகப் பழி சுமந்த கோழி குற்றமற்றதாயிற்று. பாலும் தயிரும் நீக்கிய சோற்றில் இன்று அந்நாய் கோழியே தின்கின்றது.

கோடை விழாவின் நாய்க்காட்சிப் பந்தலில் கால்நடைத் துறையார் ஒரு மேசையிட்டு, இம்முறையை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு வழங்குவாராயின் கோப்பைகளினும் அது பயன்படும். எட்டு வார அட்டவணை ஒன்றும், விலக்க வேண்டியவற்றின் பெயர்களும் அதில் இருந்தாற் போதும். காப்பிக்கொட்டை, சாக்கலேட்டு, வெங்காயம், திராட்சை ஆகியன ஒவ்வாமை இல்லாத நாய்க்கும் நஞ்சு என்பதையும் அதில் அச்சிடலாம். காப்பிக் களத்தருகே நாய் வளர்ப்போர்க்கு இது வேண்டற்பாலது. நம் மாணவரும் சுற்றுலாச் சென்று ஏரிக்கரையில் எதிர்ப்படும் நாய்க்கெல்லாம் பிஸ்கட்டு வீசுமுன், கழுத்துப்பட்டை அணிந்த நாயாயின் உடையவரைக் கேட்டல் நன்று. மாமா தம் நாயின் கழுத்தில் 'எனக்கு எதுவும் தராதீர்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். மனிதர் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்பட்டனர். ஏற்காட்டுக் குரங்குகளோ பயணிகளிடம் பறித்ததைப் பாதி தின்று மரத்தினின்று கீழே எறிவன. அவை எறியும் துண்டுக்கு அஞ்சியே அந்த எட்டு வாரமும் நாயைக் கயிற்றிற் பிடித்து உலாவ வேண்டியதாயிற்று.