பதினெட்டுப் புடவை தூரம்

"அளக்க வந்திருக்கீங்களா, ஸார்?"

காஞ்சீபுரத்தில் பிள்ளையார்பாளையம் வழியாகக் கைலாசநாதர் கோயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் இப்படிக் கேட்டார். என் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அது ஒன்றுதான் நான் செய்த குற்றம்.

"இல்லை, அம்மா. நான் பத்திரிகைக்காரன். கோயில் பார்க்கப் போகிறேன்" என்றேன்.

"அப்பாடா! உள்ளே வாங்க, ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

முன் கூடத்தை அடைத்துக்கொண்டு குழித்தறி இருந்தது. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அவருடைய பிள்ளை நெய்துகொண்டிருந்தார். தறிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அடுப்பங்கரை, கொல்லை. அவ்வளவுதான் வீடு. தறிக்குப் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் குடியிருந்தார்கள்.

"தை மாசம் இவனுக்குக் கல்யாணம். வர்ற பொண்ணை எங்கே உட்கார வைக்கிறது? குழித்தறியை மாடிக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா? மனுஷங்கதான் மாடி ஏறணும். மேலே ஒரு ரூம் போடலாம்னா, இங்கே கட்டக் கூடாதுங்கறாங்க. கொத்தனாரோ, 'ராவோட ராவா தளம் போட்டுடலாம் அக்கா, யார் வந்து கேக்கப் போறாங்க'ங்கறார்."

"கோயில் இங்கிருந்து எவ்வளவு தூரம், அம்மா?"

"கூப்பிட்டா கேக்கிற தூரம்தான்."

சங்கடமே அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. கைலாசநாதர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் வருஷத்துப் புராதனச் சின்னங்கள் சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். அதன்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எதுவும் எழும்பக் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு, அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

"நூறு மீட்டர்னா எத்தனை முழம்?" என்று அம்மாள் கேட்டார். தறியிலிருந்த பிள்ளை கணக்குப் போட்டுச் சொன்னார்: "ஆறு கஜப் புடவை பதினெட்டை நீளமா விரிச்சா நூறு மீட்டர், அம்மா."

சட்டம் அடியோடு கதவைச் சாத்திவிடவில்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே உள்ள வீடானால், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் மனுப் போடலாம். தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் சிபாரிசின் பேரில் அனுமதி கிடைத்தால் ஒழுகும் கூரையை மாற்றலாம். சுவரைப் பழுது பார்க்கலாம். ஆனால் மாடியில் புதிதாக ஓர் அறை? அது பழுது பார்ப்பதில் சேராது.

இந்த அம்மாளின் தம்பி நகரின் மறு கோடியில் ஓரிக்கைப் பக்கம் இருக்கிறார். அங்கே இதே அறைக்கு இவ்வளவு பாடு கிடையாது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டுகிறவர்கள் தாங்களே சான்றளித்துக் கம்ப்யூட்டர் மூலம் அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. அக்கா வீட்டுக்கு ஒரு சட்டம், தம்பி வீட்டுக்கு ஒரு சட்டம் என்றால் அக்காவுக்கு மனம் கசக்கத்தானே செய்யும்?

மாடி கட்ட அனுமதி என்பது ஏதோ இன்றைய ஆபீஸ்காரர்கள் கண்டுபிடித்த தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற சோழர் செப்பேடுகளில், தானம் பெற்ற ஊருக்கு அரசர் கொடுத்த உரிமைகளில், சுட்ட செங்கல்லால் மாட மாளிகை கட்டிக்கொள்வதும் ஒன்று. அன்றைக்கும் கேட்டுப் பெற்றுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இனிக் கொத்தனாரின் யோசனைக்கு வருவோம். "யார் கேட்கப் போகிறார்கள்?" என்ற தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது? விதி மீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த நம் மாநிலத்தில் ஒரு முறை 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கு வழி செய்தார்கள். பிறகு 2007 ஜூலை வரை கட்டியவற்றுக்கு இன்னொரு முறை வழி பிறந்தது. ஒழுங்காகப் பிளான் போட்டுக் கட்டியவர், 'நாம்தான் அசடு' என்று நினைக்கும்படி ஆயிற்று.

ஆனால் காலம் மாறிவருகிறது. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. அதிகாரிகள் நெடுநாள் சும்மா இருந்தார்கள் என்பதோ, நிறையப் பணம் போட்டுவிட்டோம் என்பதோ அனுமதியில்லாத கட்டடத்துக்குக் கேடயம் ஆகாது என்பது அதன் சாரம். அதே வருஷம் நவம்பரில் அதே கோர்ட்டு வேறொரு பாதுகாப்பையும் கொடுத்தது. நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, சொந்தக்காரர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் ஒரு வீட்டின் மேல் கை வைக்கலாம். பொது வீதி, நடைபாதை, நீர்நிலை போன்ற இடங்களை ஆக்கிரமித்தவர்களுக்கும், கோர்ட்டே இடிக்க உத்தரவிட்ட கட்டடங்களுக்கும் இந்தச் சலுகை இல்லை.

ஆகவே, சகோதரிகளே, வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினால் கிழித்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு, எழுத்து மூலம் பதில் கொடுங்கள். வீடு வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு, அங்கீகரித்த பிளானையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். "வருஷா வருஷம் வரி கட்டின ரசீது இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். வரி ரசீது கட்டட அனுமதி ஆகிவிடாது.

மோரைக் குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சுமார் 1,300 வருஷங்களுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. மணற்கல் கட்டடம், மழையிலும் காற்றிலும் மாவாய் உதிரக்கூடிய கல். சுற்றிலும் 58 சிறு சந்நிதிகள். சிலவற்றில் பழைய ஓவியத்தின் வர்ணம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை அடுத்து நான்கு மாடி எழும்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். சட்டம் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மாள் கேட்பது தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. கோயில் நம் எல்லோருக்கும் சொந்தம். நாம் வருகிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம், போகும் வழியில் பட்டுப் புடவை வாங்குகிறோம். அதைக் காப்பாற்றும் செலவு மட்டும் அந்தப் பதினெட்டுப் புடவை தூரத்துக்குள் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. 1866-ல் நகராட்சியாகி, 2021-ல் மாநகராட்சியான ஊர் இது. எது கூடாது என்று சொல்ல வரும் ஆள், எது கூடும் என்றும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிப் போகலாம். மனுவை எழுதக் கை கொடுக்கலாம். மாடி போட முடியாத நெசவாளிக்கு, ஊரில் வேறிடத்தில் தறி போட ஒரு கூடத்துக்கு வழி செய்தால் அதுவும் கோயிலைப் பாதுகாக்கிற வேலைதான். அப்போது ராத்திரியில் தளம் போட வேண்டிய அவசியம் யாருக்கும் இராது.

திரும்பி வரும்போது அம்மாள் அதே திண்ணையில் இருந்தார். கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஓட்டுக் கூரையை மாற்ற மட்டும் மனுக் கொடுக்கப் போகிறாராம்.

"அப்போ மருமகளுக்கு அறை?" என்று கேட்டேன்.

"அவ தறிச் சத்தத்திலே வளர்ந்த பொண்ணுதான், ஸார். கூடத்திலே ஒரு தட்டி கட்டித் தர்றேன்" என்றார். சொல்லிவிட்டு, சுற்றி முடித்த நூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.