கடுகண்ணாவை ஏற்றத்தில் பூட்டிய பெட்டி

விலை கொடுத்து ஒரு வாகனத்தை வாங்கியவன் அதன் உரிமையாளனா, அல்லது அதை உற்பத்தி செய்த நிறுவனத்தின் ஆயுட்கால வாடிக்கையாளனா? இக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனமானது என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆனால் நம் நாட்டில் இன்று ஓடும் பெரும்பாலான புதிய ரக வாகனங்களைப் பொறுத்தவரை இதற்கு நேர்மையான விடை நமக்கு உவப்பானதாக இராது. பதிவுப் புத்தகத்தில் நம் பெயர் இருக்கிறது. வாகனத்தின் மூளையில் இருப்பதோ வேறொருவரின் பூட்டு.

கடுகண்ணாவையில் வசிக்கும் என் உறவினர் ஒருவர் மிளகு, கராம்பு, சாதிக்காய் ஆகியவற்றை ஊரில் கொள்வனவு செய்து கொழும்புக்கு அனுப்புபவர். அவரது தொழிலின் முதுகெலும்பு ஒரு டபிள் கெப். கடந்த ஆண்டு மாவனெல்லையிலிருந்து ஏறி வரும்போது அது மூன்றாம் கியரிலேயே சிக்கிக்கொண்டது. முகவர் நிறுவனம் சொன்ன முதல் தீர்ப்பு, கியர் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்பது. வற்புறுத்திக் கேட்டபின் தீர்ப்பு மாறிற்று: கியரைக் கட்டுப்படுத்தும் கணினி மட்டுமே பழுது, ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பொருத்திய பின் அதற்கு மென்பொருள் ஏற்றும் வேலையைத் தாங்கள் மட்டுமே செய்ய முடியும். கேட்ட தொகையோ ஒரு சிறு வியாபாரியை மண்டியிட வைக்கும் தொகை.

பேராதனை வீதியில் கராஜ் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் பாஸ் அதே பழுதை அரை நாளில் கண்டுபிடித்தார். பற்றறி, பியூஸ், பூமி இணைப்பு என ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் கணினிப் பெட்டியின் இணைப்பியைக் கழற்றினார். உள்ளே நீர் புகுந்து ஊசிகள் பச்சை பிடித்திருந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதே இலக்கமுடைய பழைய பெட்டியொன்றும் கிடைத்தது. பொருத்தினார். வண்டி அசையவில்லை! அந்தப் பெட்டி தனக்கு முன்பு சொந்தமாயிருந்த வாகனத்தின் அடையாள இலக்கத்தையே நினைவில் வைத்திருந்தது. இறுதியில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறையில், எங்கிருந்து வந்ததென்று கேட்கக்கூடாத ஒரு கருவியின் துணையுடன், பழைய பெட்டியின் நினைவகம் புதியதற்குப் பிரதி செய்யப்பட்டது. வண்டி ஓடியது.

என் ஆத்திரம் இங்கேதான் தொடங்குகிறது. சொந்த வாகனத்தை, சொந்தப் பணத்தில், திறமையான ஒரு தொழிலாளியைக் கொண்டு திருத்துவதற்கு ஒரு மனிதன் ஏன் கள்ளக் கடத்தல்காரனைப் போல ஒளிந்து போக வேண்டும்?

விடயம் புரியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். தானியங்கி கியர் வாகனத்தில் எப்போது எந்தக் கியருக்கு மாறுவது என்பதைத் தீர்மானிப்பது ஒரு சிறு கணினி. கராஜ்காரர்கள் அதை டீ.சீ.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். கியர் பெட்டிக்குள் செல்லும் தண்டின் வேகம், வெளியேறும் தண்டின் வேகம், எண்ணெயின் வெப்பம், சாரதி மிதிக்கும் அழுத்தம் ஆகியவற்றை உணரிகள் மூலம் அறிந்து, மின்காந்த வால்வுகளைத் திறந்து மூடி அது கட்டளையிடுகிறது. வெப்பம், அதிர்வு, ஈரம் மூன்றும் அதற்குப் பகை. கோளாறு கண்டால் பெரும்பாலான வாகனங்கள் தற்காப்பு நிலைக்குச் சென்று, இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் நின்றுவிடும். சமதரையில் அது தொல்லை. பாரம் ஏற்றிய வண்டியுடன் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும்போதோ இறங்கும்போதோ அது ஆபத்து.

பழுதான பெட்டியைக் கழற்றி மாற்றுவது நாலைந்து ஆணிகளின் வேலையாக இருக்கலாம். ஆனால் புதிய பெட்டிக்கு அந்த வாகனத்துக்குரிய மென்பொருளை ஏற்ற வேண்டும், வாகன அடையாள இலக்கத்தை எழுத வேண்டும், கிளட்சுகளின் தேய்மானத்துக்கேற்ப அதைப் பழக்க வேண்டும். இவை நியாயமான தொழில்நுட்பத் தேவைகள். இவற்றைச் செய்வதற்கான கருவியையும் தகவலையும் கடவுச்சொல்லையும் முகவர் ஒருவரிடம் மட்டும் கொடுத்து, ஏனையோர்க்குக் கதவடைப்பதில் எந்தத் தொழில்நுட்பத் தேவையும் இல்லை. அது வியாபாரம்.

கடுகண்ணாவைக்கு இந்தக் கதை பொருந்தி வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிரித்தானியர் மலையை வெட்டிக் கண்டிக்கு வீதி சமைத்த ஊர் இது. அப்பணியை நடத்தி 1829இல் மறைந்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் வீதியோரம் நிற்கிறது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதையும் இந்த மலையைத்தான் ஏறிற்று. 2014இல் இங்கே திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலைக்கும், வீதியோர நூதனசாலையில் நிற்கும் நீராவி உருளைகளுக்கும் போய்ப் பாருங்கள். அவை ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்தவை. ஆனால் வந்திறங்கியபின் அவற்றைப் பிரித்துப் பூட்டி, தேய்ந்த பாகத்தை வார்த்துக் கடைந்து, தசாப்தக் கணக்கில் ஓட்டியவர்கள் இந்நாட்டுத் தொழிலாளர்கள். காலனித்துவ எசமானன் நம் நிலத்தைப் பிடித்தான், உழைப்பைச் சுரண்டினான். ஆயினும் எஞ்சினைக் கழற்றாதே என்று பூட்டுப் போடவில்லை. சுதந்திர நாட்டில் நமக்கு வாய்த்திருப்பது அந்தப் பூட்டு.

பூட்டுக்கு வக்காலத்து வாங்குவோர் வழக்கமாக மூன்று வாதங்களை முன்வைப்பார்கள். முதலாவது பாதுகாப்பு: தெரியாதவன் மென்பொருளில் கைவைத்தால் விபத்து நேரும் என்பார்கள். நேரலாம். அதற்கு மருந்து, தெரியாதவனுக்கு முறையான தகவலைக் கொடுத்துத் தெரிந்தவனாக்குவது. தகவலை மறைத்தால் வேலை நின்றுவிடுவதில்லை, இருட்டறைக்குப் போகிறது. பிரேக்கைத் திருத்தத் தகுதியானவர் என்று நாம் நம்பும் அதே மெக்கானிக்கை, கியர் கணினியைத் தொடத் தகுதியற்றவர் என்பது என்ன நியாயம்?

இரண்டாவது திருட்டு: பூட்டு இல்லாவிட்டால் களவுபோன வாகனங்களின் பாகங்கள் சந்தைக்கு வரும் என்பார்கள். அப்படியானால் பதிவு செய்த கராஜ்களுக்கு, அடையாளம் உறுதி செய்து, பதிவேட்டில் குறித்து அனுமதி வழங்கலாமே! மூன்றாவது அறிவுசார் சொத்துரிமை. மென்பொருளை எழுதியவருக்கு அதன்மீது உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழுது பார்ப்பது களவாகாது. அமெரிக்காவிலேயே, காரையும் உழவு இயந்திரத்தையும் பழுது பார்ப்பதற்காக மென்பொருள் பூட்டைத் திறப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து 2015இல் விலக்களிக்கப்பட்டது.

இந்த வாதங்கள் அயல்நாட்டில் ஏற்கெனவே விசாரிக்கப்பட்டுள்ளன. 2011இல் ஒரு தனிமனிதர் செய்த முறைப்பாட்டை விசாரித்த இந்தியப் போட்டி ஆணைக்குழு, உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் சுயாதீனத் திருத்துநர்களுக்குக் கிடைக்காமல் செய்ததாகக் கண்டு, 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. சொத்துரிமை வாதம், பாதுகாப்பு வாதம் இரண்டும் அங்கே எடுபடவில்லை. மேன்முறையீடுகளில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது உண்மை. ஆனாலும் அரச அமைப்பொன்று கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது.

அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே கியர் கோளாறுகள் பற்றி வந்த முறைப்பாடுகளைக் கையாண்ட விதத்துக்காக ஃபோர்ட் நிறுவனத்துக்குச் சமஷ்டி நீதிமன்றம் 2018இல் ஒரு கோடி டொலர் தண்டம் விதித்தது. தரக் குறைபாடு என்று அறிந்திருந்தும், வண்டி நடுங்குவதற்கு ஓட்டும் முறையே காரணம் என்று வாடிக்கையாளர் பலரிடம் சொல்லப்பட்டிருந்தது. அந்நாடு அத்துடன் நிற்கவில்லை. 2022 ஜூலை முதலாம் திகதியிலிருந்து, கார்களுக்கும் இலகுரகச் சரக்கு வாகனங்களுக்குமான திருத்தத் தகவல்களைச் சுயாதீன கராஜ்களுக்கு நியாய விலையில் வழங்குவது சட்டப்படி கட்டாயம். மெல்பேர்னில் கராஜ் நடத்தும் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சட்டத்தின் துணையோடு கேட்டுப் பெறுவதை, கண்டியில் அதே தொழில் செய்பவர் இருட்டறையில் தேட வேண்டியிருக்கிறது. கைத்திறனில் இருவருக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு சட்டத்தில்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இவ்விடயம் வாக்காளரிடமே விடப்பட்டது. 2012இலும் மீண்டும் 2020இலும் மக்கள் திருத்தும் உரிமைக்கே பெரும்பான்மை வாக்களித்தார்கள்.

நம்மிடம் இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அரிசி விலைக்கும் நிறுவைக் குறைவுக்கும் அது உதவும். திருத்தும் உரிமை என்றொன்று அதில் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது இந்நாட்டை ஓட வைத்தவர்கள் யார்? பழையதைப் பழுது பார்த்தே ஐந்தாண்டு தள்ளியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கும் பாஸ்மார். டொலர் இல்லாத 2022இல் அவர்கள்தாம் நம் அந்நியச் செலாவணியைக் காத்தவர்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதிக் கதவு மீண்டும் திறக்கப்பட்டபோது, வரியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். வந்திறங்கும் வாகனத்தை யார் திருத்துவது என்று எவரும் பேசவில்லை. புது மாதிரி வாகனங்களைப் புகழ்ந்து வண்ணப் பக்கங்கள் வெளியிடும் பத்திரிகைகளும் கேட்கவில்லை. விளம்பரம் தருபவரைச் சங்கடப்படுத்தலாமா?

கோரிக்கை பெரிதன்று. வாகனத்தை இறக்குமதி செய்து விற்கும் முகவர் எவராயினும், அதன் பழுதறியும் தகவலையும் மென்பொருளையும் நியாயமான கட்டணத்துக்கு வெளிக் கராஜ்களுக்கும் வழங்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனையாக்கப்படட்டும். முறையாக வாங்கிய பழைய பெட்டியை மற்றொரு வாகனத்துக்குப் பழக்கும் வழி திறக்கப்படட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஸ்பேனருடன் ஸ்கேனரும் கற்பிக்கப்படட்டும். இவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை, வர்த்தமானி அறிவித்தலும் மனத்துணிவும் போதும்.

வாகனம் வாங்கச் செல்லும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. விலையும் எரிபொருள் செலவும் கேட்கிறீர்கள். இனி இதையும் கேளுங்கள்: இதன் கணினிப் பெட்டி பழுதானால் நான் விரும்பும் கராஜில் மாற்ற முடியுமா? விற்பனையாளர் சிரித்து மழுப்பினால், அந்தப் பூட்டுக்கும் சேர்த்தே நீங்கள் விலை கொடுக்கப் போகிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.