ஒரு சட்டையும் ஒரு தோள்சீலையும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். கறுப்பு டி-ஷர்ட், அதில் உயர்த்திய ஒரு முஷ்டி. குடும்பக் குரூப்பில் போட்டோ வந்ததும், "பொம்பளப் பிள்ளைக்கு இதென்ன உடுப்பு?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

"இது என்ன மக்களே?" என்று நானும் கேட்டேன். அமெரிக்காவில் 1966-ல் ஓக்லண்ட் நகரத்தில் கறுப்பின இளைஞர்கள் 'பிளாக் பாந்தர்' என்று ஒரு கட்சி தொடங்கினார்களாம். கறுப்புத் தோல் ஜாக்கெட்டும் கறுப்புத் தொப்பியும்தான் அவர்கள் அடையாளம். "நாங்க யாருக்கும் தாழ்ந்தவங்க இல்லன்னு உடுப்பிலேயே சொன்னாங்க பாட்டி" என்றாள்.

இதைக் கேட்டு ஆச்சரியப்பட நமக்கு என்ன இருக்கிறது? உடுப்புக்காக அடி வாங்கிய மண்ணல்லவா இது!

நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலம். நாடார் பெண்களும், அவர்களைப் போல் ஒடுக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் மாரை மறைக்கக் கூடாது. 1822-ல் கல்குளம் பக்கம் தொடங்கிய கலவரம் முப்பது வருஷத்துக்கு மேல் விட்டு விட்டு நடந்தது. சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் எரித்தார்கள். கடைசியில் 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும் ஒரு நிபந்தனை: மேலே துணி போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது. மானத்தை மறைப்பது மட்டும் பிரச்சினை என்றால் இந்த நிபந்தனை எதற்கு? 'எனக்குச் சமமாக நிற்காதே' என்பதுதான் அதன் அர்த்தம்.

ஆண்களுக்கும் இதே கதைதான். தலைப்பாகை கட்ட உரிமை இல்லாதவர்களை அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்றும் சாமிதோப்புப் பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள்.

2023 மார்ச்சில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-வது ஆண்டு விழாவுக்கு இரண்டு மாநில முதல்வர்கள் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். நம் குடும்பத்திலிருந்தும் பலர் போனோம். பெருமையோடு கை தட்டினோம்.

இனி சொல்லப் போவது பெருமையான விஷயம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பு. அப்போது யூனிஃபார்ம் அவ்வளவு கண்டிப்பில்லை. அரையாண்டு லீவு முடிந்து காலனியிலிருந்து வரும் ஒரு பையன் புதுச் சட்டை போட்டு, தலை சீவி, சிரித்துக்கொண்டே வந்தான். "இவ்வளவு நல்ல சட்ட ஒனக்கு எங்கருந்துல கிடைச்சுது?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அன்று புதுச் சட்டை போட்டு வந்த வேறு எந்தப் பிள்ளையிடமும் நான் அதைக் கேட்கவில்லை. மறுநாள் அவன் பழைய கிழிந்த சட்டையில் வந்தான். அந்தப் புதுச் சட்டையைப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

என் கையில் கத்தியும் இல்லை, கம்பும் இல்லை. ஆனாலும் அந்தச் சந்தையில் துணியைக் கிழித்தவர்கள் செய்த அதே வேலையைத்தான் நான் செய்தேன். தோள்சீலைக்காகப் போராடியவர்களின் வம்சத்தில் வந்தவள் நான்.

நமக்குக் கிடைத்த உரிமையை நமக்கு அடுத்து நிற்கிறவனுக்கு மறுத்துவிட்டு, விழா எடுத்து என்ன பிரயோஜனம்? பைக்கில் கூலிங் கிளாஸ் போட்டுப் போகும் காலனிப் பையனைப் பார்த்து "திமிரைப் பாரு" என்கிறோம். வீட்டுப் பெண் பிள்ளை எதைப் போட வேண்டும், போடக்கூடாது என்று குரூப்பில் தீர்ப்பு சொல்கிறோம். அந்தப் பாட்டிமார் 'போடு' என்ற உத்தரவுக்காகச் சண்டை போடவில்லை. 'என் உடம்பில் எதைப் போடுவது என்று நீ யார் சொல்ல?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்று நம்மைப் பார்த்தும்தான்.

பேத்தி திரும்பிப் போகும்போது அதே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள். நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இப்போது ஐம்பதை நெருங்கியிருக்கும். இதை வாசிக்க நேர்ந்தால்: அன்றைக்கு டீச்சர் கேட்டது தப்பு மக்களே. அந்தச் சட்டை உனக்கு ரொம்ப நல்லா இருந்தது.