ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள்

"அட்டப்பாடியிலிருந்து நன்றாகப் பாடும் பாட்டிமார் நாலு பேர் வேண்டும். தலை நரைத்திருந்தால் இன்னும் நல்லது. சொந்த உடுப்பிலேயே வரட்டும்."

தொலைக்காட்சிப் பல்சுவை நிகழ்ச்சி ஒன்றுக்குக் கலைஞர்களைச் சேர்க்கும் ஒருங்கிணைப்பாளர் சில ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் என்னிடம் கேட்டது இது. களப்பணிக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த நான் மறுக்கவில்லை. நல்ல காரியம் என்றே நம்பினேன். ஆனைகட்டியிலிருந்து ஜீப் பிடித்து அவர்களைக் கொச்சிக்கு அழைத்துச் சென்றேன். காலையில் போனவர்களை இரவு ஒன்பது மணிக்கு மேடையேற்றினார்கள். கால் மணி நேரம் பாடினார்கள். ஒளிபரப்பானது இரண்டு நிமிடம். திரையில் "அட்டப்பாடி பழங்குடியினர்" என்று எழுத்து ஓடியது. நால்வருக்கும் பெயர் இல்லை. கையில் கிடைத்தது ஆளுக்கொரு பொன்னாடையும் வழிச்செலவும். திரும்பும் வழியில் அவர்களுள் மூத்தவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "எங்க பேரை நீ அவங்களுக்குச் சொல்லலையா, சாமி?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான விடை அன்று. அதைத் தாங்க முடியாமல் எழுதுவது.

பல்சுவை நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும் நாம் தொகுப்பாளரைப் பேசுகிறோம், நடுவரைப் பேசுகிறோம். யார் மேடையேறுவது என்பதை முதலில் முடிவுசெய்பவரைப் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஜானி கார்சனின் 'டுநைட் ஷோ'வுக்கு நகைச்சுவைக் கலைஞர்களைத் தேர்ந்த ஜிம் மெக்காலி என்பவரின் பெயர் அத்துறையினர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்தால்தான் ஒருவரிடம் கேள்வி கேட்க முடியும். நம்மிடத்தில் இவ்வேலை கைமாறிக் கைமாறி இறங்குகிறது: அலைவரிசை, தயாரிப்பு நிறுவனம், ஒருங்கிணைப்பாளர், உள்ளூர் நண்பர். கடைசிக் கண்ணி பெரும்பாலும் என்னைப் போன்ற ஆய்வாளரோ, ஆசிரியரோ, கலைக்குழுத் தலைவரோதான். பொறுப்பு மட்டும் எந்தக் கண்ணியிலும் தங்குவதில்லை.

நல்ல இடையாள் என்ன செய்ய முடியும் என்பதற்கும் அட்டப்பாடியே சான்று. இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மாவை இயக்குநர் சச்சிக்கு அறிமுகப்படுத்தியவர், அதே மண்ணின் கலைஞரான பழனிசாமி. 2020இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் நஞ்சியம்மா தாமே கட்டிய பாட்டைத் தம் மொழியில், தம் பெயரில் பாடினார். 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது சுருதி பிசகாமல் பாடத் தெரியாதவருக்கு விருதா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. விருந்தாளியாக அழைத்துக் கைதட்ட ஆயத்தமாக இருந்தவர்கள்தாம், சமமாக உட்காரவைத்தபோது முகம் சுளித்தார்கள்.

இரண்டாவது சிக்கல் காலம். ஷொர்ணூர்ப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்து, கம்பன் பாடல்களைப் பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் இரவிரவாக விரிப்பது. சில கோயில்களில் 21 நாள் நீள்வது. இடுக்கியின் மன்னான் கூத்து கோவலன் கண்ணகி கதையை நடத்துவது. இவற்றை ஆள் சேர்ப்பவர் கேட்பது மூன்று நிமிடத்திற்கு. ஊடகத்தின் நேர நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த மூன்று நிமிடம் என்பதையாவது கலைஞர் முடிவுசெய்யக்கூடாதா? தவிலும் பெறையும் கொகலும் ஊரில் இருக்க, பதிவுசெய்த தாளத்துக்கு ஏன் ஆட வேண்டும்?

"வாய்ப்புக் கொடுத்ததே பெரிது, இல்லாவிட்டால் இவர்களை யார் அறிவார்?" என்பது வழக்கமான மறுமொழி. இது தானம் செய்பவரின் மொழி. நிகழ்ச்சி விளம்பரத்தில் பிழைக்கிறது. இணையத்தில் வெட்டித் துண்டாக்கி ஏற்றப்பட்ட அந்த இரண்டு நிமிடம் இன்றும் யாருக்கோ வருவாய் ஈட்டுகிறது. பாடியவரைத் தவிர அந்தச் சங்கிலியில் எவரும் இலவசமாக உழைக்கவில்லை.

பெயர் வெறும் மரியாதைச் சடங்கு என்று நினைப்பவர்கள் சட்டத்தைப் படிக்கட்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடகர், ஆடுநர் மட்டுமல்லாமல் பாம்பாட்டியைக்கூட நிகழ்த்துநர் என்று ஏற்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகை பெறும் வழியை அவர்களுக்குத் திறந்தது. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு நிலைக்கும். ஆனால் அதே திருத்தத்தில் ஒரு பொறியும் உண்டு. காட்சிப் பதிவில் ஒருவரது நிகழ்வு தற்செயலானதாகவோ துணைமையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிக்கப்படாவிட்டால், அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார். தம் நிகழ்வு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். "அட்டப்பாடி பழங்குடியினர்" என்ற மூன்று நொடி எழுத்து எவ்வளவு வசதியானது என்று இப்போது விளங்குகிறதா?

ஆகவே, என்னைப் போன்ற கடைசிக் கண்ணிகளுக்குச் சில வேண்டுகோள்கள். கலைஞரின் மொழியில் வாசித்துக் காட்டப்பட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் எவரையும் வண்டியேற்றாதீர்கள். பெயர், ஊர், மொழி மூன்றும் திரையில் வரும் என்று எழுதி வாங்குங்கள். ஊதியத்தை முன்கூட்டிப் பேசுங்கள். பொன்னாடை ஊதியம் ஆகாது. எந்தப் பாட்டு வெளியே போகலாம், எது ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை ஊர் மூப்பனிடமும் பாடுபவரிடமும் கேளுங்கள். இவற்றுக்கு உடன்படாத நிகழ்ச்சிக்கு உங்கள் தொலைபேசி எண்களைத் தராதீர்கள். நம் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் அதுதான்.

அந்த மூத்தவரின் கேள்விக்கு அன்று ஜீப்பில் நான் பொய் சொன்னேன்: "சொன்னேன் பாட்டி, அவர்கள்தாம் போடவில்லை." உண்மையில் என்னிடம் யாரும் பெயர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.