நாகூரில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின் என்ன ஆகும்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் இல்லை என்றால் மருந்துக் கடை ஃப்ரிட்ஜும் வெறும் பீரோதான்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கணும். பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும். பிராண்டுக்கு பிராண்டு மாறும், அட்டையில் போட்டிருப்பதுதான் கணக்கு.

வெயில் மட்டுமல்ல, ஐஸும் எதிரி. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா போடவே கூடாது. ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீங்க. எடுத்துப்போகும்போது ஐஸ் பேக் நேரடியாகப் படக் கூடாது, நடுவில் துணி சுத்துங்க.

1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 'குளிர்ந்த இடம்' என்றால் 8 டிகிரியைத் தாண்டக் கூடாது. அரசுத் தடுப்பூசிக் கிடங்குகளின் வெப்பநிலையை 'இவின்' என்ற அமைப்பு ஆன்லைனில் கண்காணிக்கிறது. தெருமுனைக் கடை ஃப்ரிட்ஜுக்கு அப்படி ஒரு கண் இல்லை. ஓட்டை இங்கேதான்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை உதவும். 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் 4 வாரம் வீரியம் இழக்கவில்லை என எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதுக்காக பைக் பெட்டியிலோ ஜன்னல் வெயிலிலோ வைத்துவிடாதீங்க. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு வாங்கினால், "ஜெனரேட்டர் ஓடிச்சா?" என்று கடையில் கேட்டுவிடுங்க.