பேர் சொல்லாததின் பேரைச் சொல்வோம்

வசம்பை வசம்பு என்று பெயர் சொல்லிக் கேட்காத பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. 'பேர் சொல்லாதது' என்பார்கள். இல்லையென்றால் 'பிள்ளை வளர்ப்பான்'. வாலாஜாபாத்திலும், காஞ்சிபுரம் போகும் வழியில் இருக்கும் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை நெசவு வீடுகளிலும் அதற்கு இரண்டு வேலை. துணியில் முடிந்து பட்டுப்புடவைப் பெட்டியில் போட்டால் பூச்சி அண்டாது. விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரசி, கைக்குழந்தையின் நாக்கில் தடவினால் வயிற்று உப்புசம் அடங்கும், பிள்ளை தூங்கும் என்பது நம்பிக்கை.

பூச்சியை விரட்டுகிற அதே பொருள்தான் பிள்ளையின் நாக்குக்கும் போகிறது. இது பாதுகாப்பானதா என்று கேட்டால், "பாட்டி காலத்திலிருந்து கொடுக்கிறோம்" என்று பதில் வரும். நான் பாட்டியிடம் கேட்கவில்லை. இதைப் பொட்டலம் போட்டு விற்பவரிடமும், விற்க உரிமம் கொடுப்பவரிடமும் கேட்கிறேன்.

வசம்பின் மணமும் குணமும் அதிலுள்ள எண்ணெயில் இருக்கின்றன. அந்த எண்ணெயின் முக்கியமான பொருளுக்கு பீட்டா-அசரோன் என்று பெயர். எல்லா நாட்டு வசம்பிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. வட அமெரிக்க வகையில் அது இல்லவே இல்லை. ஐரோப்பிய வகையில் கொஞ்சம் உண்டு. இந்திய வசம்பு எண்ணெயிலோ பெரும்பகுதியே அதுதான். 1967இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த எண்ணெயைத் தீவனத்தில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். சிறுகுடலில் புற்றுக்கட்டிகள் வந்தன. 1968இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. "வெள்ளைக்காரன் சதி" என்று கிளம்புபவர்களுக்கு ஒரு தகவல்: அந்த எலிகளுக்குக் கொடுத்தது ஜம்மு வசம்பின் எண்ணெய். நம் நாட்டுச் சரக்கு.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. எலிகள் தின்றது எண்ணெயை, அதுவும் நாள் தவறாமல், மாதக்கணக்கில். நம் வீடுகளில் கொடுப்பது சுட்ட வசம்பை உரசிய ஒரு துளி. சுடும்போது ஆவியாகிற எண்ணெயில் ஒரு பகுதி போய்விடும். எவ்வளவு போகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஒரு வீட்டில் கரியாகச் சுடுகிறார்கள், இன்னொரு வீட்டில் லேசாக வாட்டுகிறார்கள். ஒருத்தி ஒரு முறை உரசுகிறாள், இன்னொருத்தி பத்து முறை. பிள்ளையின் எடையோ மூன்று கிலோ. இந்த வித்தியாசங்களை எல்லாம் தாயின் கைப்பக்குவத்துக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

சட்டத்தைப் பாருங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் பீட்டா-அசரோனை உணவில் மணமூட்டியாகச் சேர்க்கத் தடை செய்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் மதுபானத்தில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. குடிக்கிற ஆம்பளைக்கு அளவு உண்டு. பால்குடிக்கிற பிள்ளைக்கு அளவு இல்லை. அதே வேரை மருந்து என்ற பெயரில் கொடுத்தால் கதையே வேறு. பழைய நூல்களில் சொன்னபடி செய்யும் சித்த, ஆயுர்வேத மருந்துக்கு உரிமம் கேட்பவர் புதிதாகப் பாதுகாப்பு ஆய்வு எதையும் காட்ட வேண்டியதில்லை. நூல் சொன்னால் போதும். அந்த நூல்களை எழுதியவர்களில் எத்தனை பேர் பிள்ளை பெற்றவர்கள்?

இப்போது வசம்பு அழகுப் பொருளாகவும் வருகிறது. குழந்தைக் குளியல் பொடி, நலங்கு மாவு, கூந்தல் தைலம், கையால் செய்த சோப்பு, கையில் கட்டும் வசம்பு வளையல். எல்லாவற்றின் மேலும் 'இயற்கை', 'கெமிக்கல் இல்லை' என்று எழுதியிருக்கிறது. பீட்டா-அசரோன் கெமிக்கல் இல்லாமல் வேறு என்ன? செடி செய்தாலும் தொழிற்சாலை செய்தாலும் அது அதே மூலக்கூறுதான். எருக்கம்பாலும் அரளி விதையும்கூட இயற்கைதான். அவை என்ன செய்யும் என்பது பெண் சிசுக்கொலை நடந்த ஊர்களுக்குத் தெரியும். இதை மகளிர் குழுக்கள் செய்து விற்கும்போது நமக்குச் சங்கடமாக இருக்கிறது. நம் பெண்களின் பிழைப்பு ஆயிற்றே என்று. ஆனால் வாங்குபவளும் பெண். தடவப்படுவது அவள் பிள்ளையின் தோல். பரிசோதனைக்கான செலவை அரசு ஏற்கட்டும். அந்தக் குழுக்களுக்கும் அதுதான் நல்லது.

பிள்ளை ஏன் தூங்கியாக வேண்டும் என்பதையும் கேட்போம். குழித்தறியில் ஆண் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றுகிறவள் பெண். கூலி புடவைக்கு இவ்வளவு என்று கணக்கு. அவள் சுற்றிய தாருக்குத் தனிக் கூலி கிடையாது. தூளியில் பிள்ளை வீறிட்டு அழுதால் ராட்டை நிற்கும், ராட்டை நின்றால் தறி நிற்கும். 2017இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. வீடே தறிக்கூடமாக இருப்பவளுக்கு அந்தச் சட்டம் ஒன்றும் தரவில்லை. அவளுக்குக் கிடைத்த காப்பகம் வசம்புதான்.

ஒரு மருத்துவமனையில் நானே பார்த்தேன். வாந்தி எடுத்த பிள்ளையோடு வந்தவளிடம், "என்னத்த உரசிக் கொடுத்த? அறிவில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்கள். வீட்டில் மாமியார், "கொடுக்காததாலதான் பிள்ளை தேறல" என்கிறாள். கொடுத்தால் கொலைகாரி, கொடுக்காவிட்டால் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள். திட்டு வாங்கியவள் அடுத்த முறை மறைப்பாள். மறைத்தால் மருத்துவருக்கு உண்மை தெரியாது. அந்தக் கத்தல் பிள்ளையைக் காப்பாற்றவில்லை, இன்னும் ஆபத்தில் தள்ளியது.

ஆகவே தோழிகளே, நாம் கேட்க வேண்டியவை இவை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சுட்ட வசம்பிலும் சுடாத வசம்பிலும் பீட்டா-அசரோன் எவ்வளவு என்று அளந்து, முடிவை எளிய தமிழில் நாட்டு மருந்துக் கடைகளில் ஒட்டச் செய்யட்டும். வசம்பு சேர்த்த ஒவ்வொரு பொடியிலும் தைலத்திலும் அதன் அளவை அச்சிடச் சட்டம் வரட்டும். நெசவுத் தெருக்களில் கைக்குழந்தைகளுக்குக் காப்பகம் வரட்டும். அதுவரை, ஆறு மாதம் முடியும் மட்டும் பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம். வசம்பு எண்ணெய்ப் புட்டி வீட்டில் இருந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். வேர் பட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும், அங்கே அது நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பெயரைச் சொல்லாமல் இருந்தால் கெடுதல் வராது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் தெரியாத பொருளுக்கு யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. அதன் பெயர் பீட்டா-அசரோன். கடையில் சத்தமாகக் கேளுங்கள்: இதில் அது எவ்வளவு இருக்கிறது?