பிந்தினால் பறிமுதலா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலே, குழித்தறியிலே பட்டு நெய்யும், அறுபதைத் தொடாத தோழர் சேமிப்பைப் பாங்கியிலே போடுகிறார். வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் நூற்றுக்குப் பத்து பிடித்தம்! வரி கட்டுமளவு வருமானமில்லாதவரும், விலக்குப் படிவம் தராவிட்டால் தப்ப முடியாது. கணக்குக் கொடுத்தால்தான் பணம் திரும்பும்.

2025 பிப்ரவரியில் வந்த வருமான வரி மசோதாவோ, கெடு தவறியவருக்கு அதுவும் இல்லை என்றது! பிந்தியவருக்குத் தண்டம் போடலாம். அவர் பணத்தையே விழுங்குவது வரியா, வழிப்பறியா? நாடாளுமன்றத் தேர்வுக் குழு நீக்கச் சொன்னது. ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அந்த விதி இல்லை. வரவேற்கிறோம்.

ஆனால், டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குக் கொடுக்கலாமென்று தறி வீட்டுக்கு யார் சொன்னது? கூட்டுறவுச் சங்க வாயிலுக்கு அதிகாரிகள் வந்து தமிழிலே சொல்லட்டும். உரிமை ஏட்டிலே இருந்து பயனில்லை. உழைத்தவர் கைக்கு வரவேண்டும்!